ஊர்த் தீவில் விருந்தினர்: மாலத்தீவின் சிறு விடுதிகளில் தங்குவோர்க்கு

மாலத்தீவில் பிரயாணிகள் தங்கத்தக்க தீவுகள் இரு வகைப்படும். ஒரு தீவு முழுவதும் ஒரே உல்லாச விடுதியாக அமைந்து, பணியாளரும் விருந்தினரும் அன்றி வேறு குடிமக்கள் இல்லாதது ஒரு வகை. 1972-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வகையே உலகெங்கும் பிரசித்தி பெற்றது. தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருந்து, மீன் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, முன்னோரை அடக்கம் செய்து வாழ்ந்து வரும் ஊர்த் தீவு மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகைத் தீவுகளில் அயல்நாட்டார் தங்குவதற்கு நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. 2009-ஆம் ஆண்டையொட்டி அவ்விதிகள் தளர்ந்த பிறகே, மாஃபுஷி முதலிய தீவுகளில் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டையோ வீட்டருகில் உள்ள நிலத்தையோ நான்கைந்து அறைகள் கொண்ட விடுதியாக மாற்றிப் பிரயாணிகளை வரவேற்கத் தொடங்கின. நடுத்தர வருவாயுடைய நம்மவரும் அந்த நீலக் கடலைக் கண்டு நான்கு நாள் தங்கிவரக்கூடிய வாய்ப்பு இவ்வாறே உண்டாயிற்று.

இந்த அத்தியாயம் அத்தகைய சிறு விடுதிகளில் தங்க விரும்புவோர்க்காக எழுதப்படுகிறது. இதில் கூறப்படும் யோசனைகள் பலவாயினும் அவற்றுக்கெல்லாம் மூலம் ஒன்றே: இங்கே வந்து இறங்குகிறவர் விடுதிக்காரர் ஒருவருக்கு மட்டும் விருந்தினர் அல்லர், அந்த ஊர் முழுவதற்கும், அவ்வூரைத் தாங்கி நிற்கும் மெல்லிய மணல் திட்டுக்கும் விருந்தினர். இதை மனத்தில் இருத்திக்கொண்டவருக்கு மற்ற விதிகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யவேண்டிய அவசியம் இராது.

தீவின் இயல்பு

மாலத்தீவு ஏறக்குறைய 1,200 தீவுகளால் ஆன நாடு. அவற்றுள் மக்கள் வாழ்பவை இருநூற்றுக்கும் குறைவு. மலையோ ஆறோ இல்லாத இத்தீவுகள் கடல்மட்டத்துக்கு மேல் சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரமே உடையவை. மூழ்கிய பழைய எரிமலைத் தொடர் ஒன்றின்மேல் பவளப் பூச்சிகள் யுகயுகமாகக் கட்டியெழுப்பிய வட்ட வட்டமான திட்டுகளின் விளிம்பில் இவை அமைந்துள்ளன. அவ்வட்டத்தை அந்நாட்டார் தம் திவேஹி மொழியில் 'அதொளு' என்பர். ஆங்கிலேயர் வழியாக உலக மொழிகளுக்கெல்லாம் பரவிய 'அடோல்' என்னும் சொல் இதிலிருந்து பிறந்ததே. கரையில் நாம் மிதிக்கும் வெண்மணலும் கல் தேய்ந்து உண்டான மணல் அன்று. பவளத்தையும் சிப்பியையும் அலை நொறுக்கியும், அலகு போன்ற வாயுடைய கிளிமீன்கள் பவளப் பாறையைக் கடித்து அரைத்து வெளியேற்றியும் உண்டாக்கியது.

இத்தகைய மணல் திட்டில் குடிநீர் எவ்வாறு கிடைக்கிறது என்பதை ஒவ்வொரு பிரயாணியும் அறிந்திருத்தல் நன்று. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரைக் காட்டிலும் இலேசானதாகையால் அதனுடன் உடனே கலந்துவிடாமல் அதன்மேல் மிதந்து, நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு கண்ணாடி வில்லை போல நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலேறி வந்துவிடும். பெரிய அலை ஏறினாலும் நன்னீர் கெட்டுப்போகும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் பல தீவுகளின் கிணறுகள் அவ்வாறே கெட்டன. ஆதலால் இன்று குடிப்பதற்கும் சமைப்பதற்கும் உரியது கூரையிலிருந்து பிடித்துவைத்த மழைநீர், அல்லது இயந்திரத்தால் உப்பு நீக்கிய கடல்நீர். அவ்வியந்திரத்தை இயக்கும் மின்சாரமோ பெரும்பாலும் தீவிலேயே டீசல் எரித்து உண்டாக்கப்படுகிறது. எனவே நாம் குளிக்கும் நன்னீரின் ஒவ்வொரு குடத்துக்குப் பின்னும் கடல் கடந்து வந்த எண்ணெய் சிறிது எரிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பருவம் அறிதல்

இங்கே கோடை, குளிர் என்ற பேதம் இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பம் 25 பாகை முதல் 31 பாகை செல்ஸியஸ் வரையே இருக்கும். பருவத்தை நிர்ணயிப்பது காற்று. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்றுக் காலத்தை 'இருவை' என்பர். வானம் தெளிந்து, கடல் அமைந்து, நீர் கண்ணாடிபோல் தெரியும் காலம் இது. மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும் காலம் 'ஹுளங்கு'. மழையும் அலையும் மிகுதி. இருவைக் காலத்தில் அறை வாடகை உயர்ந்தும், ஹுளங்குக் காலத்தில் தாழ்ந்தும் இருக்கும்.

ஆண்டை இரண்டாகப் பிரிப்பதோடு நில்லாமல், மாலத்தீவு மீனவர் அதனை 'நகை' எனப்படும் இருபத்தேழு கூறுகளாக்கி, பதின்மூன்று பதினான்கு நாளுக்கு ஒன்றாகக் காற்றையும் மழையையும் மீன் வரவையும் கணித்து வந்திருக்கின்றனர். அஸ்ஸித, புருணு, கெத்தி, ரோணு என்று அப்பெயர்களைக் கேட்கும் தமிழர்க்கு வியப்பு உண்டாகும். அவை நம் அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணியே அன்றி வேறல்ல. கத்தரி வெயிலை நட்சத்திரத்தால் அளக்கும் நாமும், கடற்காற்றை நட்சத்திரத்தால் அளக்கும் அவர்களும் ஒரே பஞ்சாங்க மரபின் கிளைகள். விடுதிக்காரரின் தகப்பனாரோ பாட்டனாரோ மீனவராயிருப்பின், "இப்போது எந்த நகை நடக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், நாளைய கடலைப் பற்றிய நல்ல உபதேசம் அவ்வழியே கிடைக்கக் கூடும்.

ஹுளங்குக் காலத்தை முற்றிலும் தவிர்க்க வேண்டுமென்பதில்லை. பா அடோலில் உள்ள ஹனிஃபாரு வளைகுடாவில் மாண்டா எனப்படும் பெருந் திருக்கைகள் கூட்டங்கூட்டமாக இரை தேடி வருவது அந்தக் காலத்திலேதான். அவற்றைக் காணவே தரவந்து தீவின் விடுதிகளுக்கு மக்கள் வருகின்றனர். அமைதியான கடலை நாடுவோர் பிப்ரவரி, மார்ச் மாதங்களைக் கொள்க. மழைக்கு அஞ்சாதவரும் செலவைச் சுருக்க விரும்புவோரும் ஹுளங்கு மாதங்களைக் கொள்க.

தீவைத் தேர்தலும் போய்ச் சேர்தலும்

விடுதியைத் தேர்வதற்கு முன் தீவைத் தேர வேண்டும். தலைநகர் மாலேக்குத் தெற்கே, விரைவுப் படகில் ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய மாஃபுஷி, விடுதிகளும் கடைகளும் நெருங்கிய கலகலப்பான இடம். சந்தடி வேண்டாதவர் இன்னும் தொலைவு செல்லலாம்: தர்ப்பூசணியும் பப்பாளியும் விளையும் தொட்டு, தெருக்களைத் துப்புரவாக வைத்திருப்பதில் பெயர் பெற்ற உகுளஸ், நீண்டு மெலிந்த வடிவமுடையதும், அருகிலுள்ள கடலில் திமிங்கிலச் சுறாக்கள் ஆண்டு முழுவதும் தென்படக்கூடியதுமான திகுரா. சிறு குழந்தைகளுடன் செல்வோர், ஆழமில்லாத காயல் கரையை ஒட்டிய தீவைத் தேர்க; கடலுக்குள் பவளம் காண விரும்புவோர், கரையிலிருந்து நீந்தியே அடையக்கூடிய பவளத் திட்டு இருக்கிறதா என்று முன்னரே விசாரித்துக்கொள்க. பவளம் 1998-லும் 2016-லும் கடல்நீர் மிகச் சூடேறியதால் வெளுத்துப் பெரிதும் அழிந்தது. எனவே பழைய படங்களை நம்பாமல், அண்மையில் சென்று வந்தவர் கூறுவதைக் கேட்பதே உத்தமம்.

விமான நிலையம் ஹுளுலே என்னும் தனித் தீவில் உள்ளது. 2018 முதல் அதனை மாலேயுடன் பாலம் இணைக்கிறது. இந்தியப் பிரஜைகள் முன்கூட்டியே விசா பெற வேண்டுவதில்லை. ஆனால் திரும்பும் பயணச்சீட்டும், தங்குமிடம் உறுதி செய்த சான்றும் கையில் இருத்தல் வேண்டும். புறப்படுவதற்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' எனப்படும் அரசாங்கப் படிவத்தையும் நிரப்பிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே கடிகாரம் நம்முடையதற்கு அரை மணி பின்தங்கியிருக்கும்.

விமான நிலையத்திலிருந்து தீவுக்குச் செல்ல, மலிவான பொதுப் பயணிப் படகு, விலை மிகுந்த விரைவுப் படகு என்று இரு வழிகள் உண்டு. தொலைவான தீவுகளுக்கு உள்நாட்டு விமானமும் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வெள்ளிக்கிழமை அந்நாட்டில் வழிபாட்டு நாள். பொதுப் படகுகள் பல அன்று ஓடா. கடைகளும் நண்பகல் தொழுகையை ஒட்டி மூடியிருக்கும். என் முதற் பிரயாணத்தில் இதை உணராமல், வியாழக்கிழமை பின்னிரவில் விமானம் இறங்கி, வெள்ளி காலையில் சல்லிசான படகில் செல்லலாம் என்று எண்ணியிருந்தேன். துறையில் ஒருவரும் இல்லை. பெட்டியின்மேல் அமர்ந்திருந்த என்னைக் கண்ட முதியவர் ஒருவர், சனிக்கிழமையை விரல்விட்டுக் காட்டிச் சிரித்தார். அன்று நான் மாலேயில் கழித்த இரவின் வாடகை, மிச்சம் பிடிக்க எண்ணிய தொகையைப் போல் பல மடங்கு ஆயிற்று. ஆகவே விமானச்சீட்டு வாங்குவதற்கு முன் விடுதிக்காரருக்கு எழுதி, நம் விமானம் இறங்கும் நேரத்துக்குப் பின் எந்தப் படகு உண்டு, இரவாகிவிட்டால் வழி என்ன என்பதைக் கேட்டறிந்து, அதன்பின் நாளைக் குறிப்பிடுதல் விவேகம். படகில் ஏறுகையில், தண்ணீர் பட்டால் கெடும் பொருள்களைப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி மடியில் வைத்துக்கொள்க. கடற்பயணம் ஒவ்வாதவர் பின்பக்கத்தில் அமர்க, அங்கே தூக்கிப்போடுவது குறைவு.

விடுதியில்

வாசலில் ஒரு குழாயோ சிறு தொட்டியோ இருக்கும். காலிலுள்ள மணலைக் கழுவிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டு உள்ளே செல்வது வழக்கம். நம் வீடுகளிலும் இதுவே சம்பிரதாயமாதலால் நமக்கு இது புதிதன்று. மின்செருகிகள் சதுரக்கால் மூன்றுடைய ஆங்கிலேய வகையின. நம் நாட்டு உருண்டைக்கால் செருகி அவற்றில் பொருந்தாது. ஓர் அடாப்டர் எடுத்துச் செல்லாதவர் முதல் இரவிலேயே அதன் அருமையை உணர்வர்.

குழாய்நீரில் சிற்சில வேளை கந்தக வாடையோ சிறு உவர்ப்போ தென்படலாம்; அது நிலத்தடி நீர், கைகால் கழுவவும் கழிப்பறைக்கும் உரியது. குடிப்பதற்கு எந்த நீர் என்பதை வந்தவுடன் கேட்டுக்கொள்க. ஒரு பெரிய உலோகப் பாட்டில் கொண்டுசென்று, விடுதியில் வடிகட்டிய நீர் இருக்குமாயின் அதை நிரப்பிக்கொள்வது நலம். வாங்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றும் தீவில் குப்பையாக நிற்கும். கடலில் குளித்து வந்தபின் உப்பைக் கழுவ இரண்டு நிமிஷ நேர நன்னீர் போதும். சோப்பிடும்போது குழாயை மூடிவிடுக. குளிர்சாதனத்தை ஓடவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதும், வெளியே போகும்போது நிறுத்தாமல் போவதும், விருந்து கொடுத்தவர் வீட்டு அடுப்பில் வீணே விறகைத் திணிப்பதற்கு ஒப்பாகும்.

சிறு விடுதிகளில் உரிமையாளரே சமையற்காரர், படகோட்டி, வழிகாட்டி எல்லாமாய் இருப்பார். ஆகையால் மறுநாள் வேண்டுவதை முதல்நாள் மாலையிலேயே கூறிவிடுதல் மரியாதை. அவர் மாலையில் வீட்டு முன்றிலில் கயிற்று வலையாலான 'ஜோலி' என்னும் இருக்கையில் சாய்ந்திருக்கும் வேளை அதற்கு உகந்தது. அவ்வேளையில் அமர்ந்து பேசிக் கேட்டறியும் செய்திகள் எந்த வழிகாட்டி நூலிலும் அடங்கா.

ஊர் வழக்கு

மாலத்தீவு முழுமையும் இஸ்லாமிய நாடு. அதன் சட்டம் உல்லாசத் தீவுகளுக்குத் தரும் சலுகைகளை ஊர்த் தீவுகளுக்குத் தருவதில்லை. மது ஊர்த் தீவுகளில் முற்றிலும் விலக்கு. விமான நிலையத்தில் மது கொண்டுவருவோரிடமிருந்து அதைப் பெற்று வைத்துக்கொண்டு, நாட்டை விட்டுப் புறப்படும்போது திருப்பித் தருவர். பன்றி இறைச்சிப் பொருள்களும், மின்சிகரெட்டுகளும் கொண்டுவரலாகாதவை. வழிபாட்டுக்குரிய விக்கிரகங்களையும் சுங்கத்தார் அனுமதிப்பதில்லை. நம்மில் பலர் பிரயாணப் பையில் சிறு பிள்ளையாரையோ முருகனையோ வைத்துக்கொண்டு புறப்படுவது வழக்கமாதலால், இதை விசேஷமாகக் கூறுகிறேன்: அம்மூர்த்திகளை வீட்டுப் பூஜையறையிலேயே விட்டு, மனத்தில் தியானித்துக்கொண்டு செல்லுங்கள்.

குளியலுடையில் இருப்பதற்கென்று ஊர்த் தீவுகள் பலவற்றில் தனியே ஒரு கரை ஒதுக்கப்பட்டிருக்கும். மற்றக் கரைகளிலும் தெருவிலும் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தல் வேண்டும். ஆடவர் சட்டையின்றித் தெருவில் திரிதலும் தகாது. ரமலான் மாதத்தில் பகற்பொழுதில் விடுதிக்குள் விருந்தினர்க்கு உணவு கிடைக்கும். ஆயினும் தெருவில் நின்று உண்பதும் குடிப்பதும் நோன்பிருப்பவர் மனத்தை வருத்தும். பெண்களையும் குழந்தைகளையும் கேளாமல் படம் எடுத்தல் கூடாது. நன்றி கூற 'சுக்குரிய்யா' என்னும் ஒரு சொல் தெரிந்திருந்தாலும் போதும். அதைக் கேட்டு மலரும் முகங்கள் மறுநாள் தாமே நம்மைக் கூப்பிட்டுப் பேசும்.

விடியற்காலையில் எழுந்து தெருவில் நடக்கும் பழக்கமுள்ளவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். வயது முதிர்ந்த பெண்கள் ஈர்க்குமாறு கொண்டு, வீட்டு வாசலைக் கடந்து பொதுத்தெருவையும் பெருக்கி, மணலில் வரிவரியாகக் கோலம் போன்ற தடம் பதிய விட்டிருப்பர். அந்த வேளையில் நான் ஓரமாக ஒதுங்கி நடப்பதுண்டு. நம் வீட்டுப் பாட்டிமார் சாணம் தெளித்து முடித்த வாசலில் குறுக்கே நடக்க மனம் வராததுபோலவே அங்கும் கால் தயங்கும்.

ஆகாரம்

தென்னையும் மீனும் தீவின் சொந்தப் பொருள்கள்; அரிசி, மாவு, பருப்பு, காய்கறி யாவும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. தூத்துக்குடியிலிருந்து புறப்படும் நம் தோணிகள் காய்கறியும் கட்டடப் பொருள்களும் ஏற்றி மாலேக்குச் சென்றுவருவது நெடுநாளைய வாணிபம். அத்தீவார் படகைத் 'தோனி' என்றே அழைப்பதும், மீனுக்கு அவர்கள் வழங்கும் சொல் 'மஸ்' என்பதும், சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திய 'மாசி' நம் தென்கடற்கரைச் சமையலிலும் யாழ்ப்பாணத்துச் சம்பலிலும் மணப்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

காலையில் 'மஸ் ஹுனி' பரிமாறப்படும்: சூரை மீனைப் பொடியாக உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து, 'ரோஷி' என்னும் மெல்லிய ரொட்டியுடன் உண்பது. பகலில் 'கருதியா' என்னும் தெளிந்த மீன் சாறும் சோறும். மாலை நேரத்தில் தேநீருடன் 'ஹெதிகா' என்னும் சிற்றுண்டி வகைகள். காரம் நம் நாவுக்கு ஏற்றதாகவே இருக்கும்.

சைவ உணவினர் ஒரு விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் அதில் அடங்காது என்று எண்ணப்படும். சிற்றுண்டியிலும் குழம்பிலும் சம்பலிலும் மாசித்தூள் கலந்திருப்பது சகஜம். எனவே இடம் குறிக்கும்போதே, மீனும் மாசியும் மீன்சாறும் வேண்டா, பருப்பும் காய்கறியும் தேங்காயும் போதும் என்று விரித்து எழுதுக. சரக்குப் படகு வாரத்தில் சில நாளே வருமாதலால், தீவில் இறங்கியபின் கத்தரிக்காய் கேட்டால் விடுதிக்காரரால் மனமிருந்தும் இயலாது போகலாம்.

கடலில் இறங்குமுன்

கடலுக்குள் செல்வதே இப்பயணத்தின் பிரதான இன்பமாதலால், இதை விரித்துக் கூறுகிறேன். காயலின் நீர் அமைதியாகத் தோன்றினும், வட்டத் திட்டின் இடைவெளிகளாகிய கால்வாய்களின் வழியே ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் பெருங்கடல் நீர் உள்ளும் புறமும் விரைந்து பாய்கிறது. நல்ல நீச்சல்காரரையும் அது இழுத்துச் செல்லும். ஆகவே முதல்நாள் விடுதிக்காரருடன் கரைக்குச் சென்று, எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது, அந்நேரத்தில் நீரோட்டம் எத்திசை என்பவற்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். ஓட்டத்தை எதிர்த்துப் போய், திரும்பும்போது அதன் போக்கில் வருவது நன்று. களைத்தபின் எதிர்த்து நீந்த நேர்வது ஆபத்து. ஒருபோதும் தனியே செல்லலாகாது. நீச்சல் சரியாக அறியாதவர் மிதவைச் சட்டை அணிவதில் வெட்கம் கொள்ள வேண்டா. மூச்சுக்குழலை ஆழமில்லாத நீரில் நின்று பழகியபின்னரே ஆழத்துக்குச் செல்க.

வெயில் நீரில் தெரியாது. முதுகு மட்டும் வெந்துவிடும். பூசும் களிம்புகளில் சில பவளத்துக்குக் கேடு செய்வன; நீண்ட கையுள்ள நீச்சல் சட்டை இரண்டு தொல்லையையும் தீர்க்கும். காலுக்கு ரப்பர் அடியுள்ள காலணி வேண்டும். பாறையோடு பாறையாய்க் கிடக்கும் கல்மீனின் நச்சுமுள்ளும், கடல் முள்ளெலியின் முட்களும் வெறுங்காலுக்குச் சத்துருக்கள். கல்மீன் குத்தினால், பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டே தாமதமின்றி வைத்தியரிடம் செல்க. முட்டையிட்டுக் காவல் காக்கும் பெரிய கிளாத்தி மீன் மனிதரையும் கடிக்க வரும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி அகன்று விரிவதாகையால், மேலே எழாமல் பக்கவாட்டில் விலகிச் செல்வதே தப்பும் வழி. கரையோரத்தில் சுற்றும் சிறு சுறாக்களைக் கண்டு அஞ்ச வேண்டா, துரத்தவும் வேண்டா.

பவளம் கல்போல் தோன்றினும் உயிருள்ள பிராணிகளின் கூட்டம். அதன்மேல் நின்றாலும் பிடித்தாலும் பல ஆண்டுகளின் வளர்ச்சி ஒரு கணத்தில் ஒடியும், நம் தோலும் கிழிந்து எளிதில் ஆறாத புண்ணாகும். திமிங்கிலச் சுறாவையும் மாண்டாவையும் காணும்போது மூன்று மீட்டருக்குக் குறையாமல் விலகி நிற்க வேண்டும்; தொடுவதும் முன்னே குறுக்கிடுவதும் குற்றம். ஹனிஃபாருவில் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன், கட்டணம் செலுத்தி, நீரின் மேல் மிதந்தே காணலாம். காற்றுக் கலம் சுமந்து மூழ்குவதற்கு அங்கே அனுமதி இல்லை. அக்கலம் சுமந்து மற்ற இடங்களில் மூழ்கியவர்கள், அதன்பின் ஒரு முழுநாள் கழியும்வரை விமானம் ஏறலாகாது.

பணமும் உடல்நலமும்

நாட்டு நாணயம் ருஃபியா. விடுதிக் கணக்கு பெரும்பாலும் அமெரிக்க டாலரில் கூறப்படும். சொன்ன வாடகையின்மேல் வரிகள் சேரும் என்பதை மறவாதீர்கள். பிரயாணிகளுக்குரிய சரக்கு சேவை வரி 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு; பசுமை வரி என்பது சிறு விடுதிகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், 2025 ஜனவரியிலிருந்து. சேவைக் கட்டணமும் சேரலாம். "எல்லாம் உட்பட எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொண்டால், கடைசி நாளில் மனஸ்தாபம் இராது. எல்லாத் தீவிலும் பணம் எடுக்கும் இயந்திரம் இருக்குமென்று எண்ணாமல், கையில் சிறிது ரொக்கம் வைத்துக்கொள்க.

ஊர்த் தீவுகளில் சிறு சுகாதார நிலையம் இருக்கும். பெரிய சிகிச்சைக்கு மாலே செல்ல வேண்டும். ஆதலால் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்தை, ஒரு வாரம் மிகையாகவே, மருத்துவர் சீட்டுடன் எடுத்துச் செல்க. கொசுவால் டெங்கு வருவதுண்டு. மாலையில் உடலை மூடி, கொசு விரட்டியும் பூசிக்கொள்க.

புறப்படும்போது

கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். ஹுளங்குக் காலத்தில் செல்வோர் விமானத்துக்கு முந்திய நாளே மாலேக்கோ, விமான நிலையத்தை அடுத்துள்ள ஹுளுமாலேக்கோ வந்துவிடுதல் நன்று. பவளத் துண்டு, ஆமை ஓடு முதலியவற்றை நாட்டிலிருந்து வெளியே கொண்டுபோவது சட்ட விரோதம். கரையில் கிடந்ததுதானே என்னும் சமாதானம் சுங்கத்தாரிடம் செல்லாது. தீர்ந்த மின்கலங்களையும், நாம் கொண்டுபோன பிளாஸ்டிக் பொருள்களையும் திரும்ப எடுத்து வருக. சிறு தீவில் புதைக்கவும் இடமில்லை, எரித்தால் புகை அடுத்த வீட்டுக்குத்தான் போகும். நினைவுப் பொருளாக ஏதேனும் வேண்டுமாயின், தீவிலுள்ள கடையிலேயே ஒரு பொட்டலம் மாசி வாங்கிக்கொள்ளுங்கள். சைவராயின் தேங்காயில் செய்த இனிப்பு வாங்கலாம். அப்பணம் அவ்வூரிலேயே தங்கும்.

இரவல் வாங்கிய கண்ணாடியையும் மூச்சுக்குழலையும் நன்னீரில் ஒருமுறை நனைத்துத் துடைத்து உரிய இடத்தில் வைத்து, கணக்கைத் தீர்த்து, சமைத்துப் போட்ட அம்மையாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். அறைச் சாவியைக் கொடுப்பதற்கு முன், குளியலறைக்கு மறுபடி ஒருமுறை சென்று, குழாய் சொட்டாமல் இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.